பன்னிரண்டு கட்ட அட்டவணையைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள்

பேச்சு ஆங்கிலம் சொல்லித் தருவது என் தொழில். நேர்காணல் ஒத்திகைக்கு வந்த ஒருவரிடம் பழைய வேலையைப் பற்றிக் கேட்டேன். "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்றார், தயங்காமல். "அங்கிருந்து எப்போது விலகி வருவீர்கள்?" என்று கேட்டதும் விழித்தார். அந்த வேலையை விட்டு 6 மாதம் ஆகியிருந்தது!

வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் கேட்பவர் காதில், அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். "ஐ வொர்க்ட் தேர்" என்று தொடங்கியிருக்க வேண்டும்.

இத்தனைக்கும் முக்காலம், காலத்துக்கு நான்கு வகை என்று ஆங்கில வினைக்கால (டென்ஸ்) அட்டவணையின் 12 கட்டங்களையும் ஒப்பிப்பவர் அவர். எந்தக் கட்டத்தை எப்போது எடுப்பது என்பதைத்தான் யாரும் சொல்லித் தரவில்லை. தமிழில் சொல்லிப் பாருங்கள் என்றேன். "மூன்று வருஷமாக வேலை பார்க்கிறேன்." "மூன்று வருஷம் வேலை பார்த்தேன்." முதலாவதில் அந்த வேலை இன்னும் ஓடுகிறது, அதற்குத்தான் 'ஹேவ் பீன்'. இரண்டாவது முடிந்துபோன கதை. அதற்கு 'வொர்க்ட்' போதும். இந்த வேறுபாடு நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது, அதை எடுத்துக் காட்டினாலே பாதிப் பயம் போய்விடுகிறது.

ஆனால் தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. 'பார்க்கிறேன்' என்பதை அப்படியே நிகழ்காலமாக மாற்றி "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்பவர்கள் நிறையப் பேர். 'சின்ஸ்' தொடங்கிய புள்ளியைக் கேட்கும்: சின்ஸ் 2021. கால அளவுக்கு 'ஃபார்'.

அப்புறம் 'விட்டேன்'. "நேற்றே அனுப்பிவிட்டேன்" என்பது நல்ல தமிழ். அதை "ஐ ஹேவ் சென்ட் இட் யெஸ்டர்டே" என்றால் ஆங்கிலம் ஏற்காது. முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் அங்கே 'ஹேவ்' நிற்காது. "ஐ சென்ட் இட் யெஸ்டர்டே"தான். 'யெஸ்டர்டே' இல்லையென்றால் "ஐ ஹேவ் சென்ட் இட்" சரி.

நான் அதிகம் திருத்துவது ஒரு சின்னச் சொல்லை: 'வில்'. "அப்பா தினமும் ஆறு மணிக்கு எழுந்திருப்பார்." தமிழில் எதிர்கால வினை பழக்கத்தையும் சொல்லும். அந்தப் பழக்கத்தில் "மை ஃபாதர் வில் கெட் அப் அட் சிக்ஸ் எவ்ரிடே" என்று வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அன்றாடப் பழக்கத்துக்குச் சாதாரண நிகழ்காலம்: "கெட்ஸ் அப்". உண்மையில் ஆங்கில வினைக்கு எதிர்கால விகுதி என்று ஒன்றே கிடையாது. 'வில்', 'கோயிங் டு' என்று துணைச்சொல் வைத்துத்தான் சமாளிக்கிறது. "த ட்ரெய்ன் லீவ்ஸ் டுமாரோ" என்று நிகழ்கால வினையிலேயே நாளையையும் சொல்லும்.

'டிட்' வந்தால் பின்னால் மூல வினைதான். "டிட் யூ வென்ட்" வேண்டாம், "டிட் யூ கோ". இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த ஒத்திகையில் அவரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். "வருஷமா, வருஷமாகவா" என்று முணுமுணுப்பது காதில் விழுந்தது. அப்புறம் நிமிர்ந்து சொன்னார், "ஐ வொர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்."