ஊதா நிறம் வந்தால் கஞ்சாவா?

அமெரிக்காவில் காரை மறித்துச் சோதனை போடும் போலீஸ்காரரிடம் கஞ்சாவைக் கண்டறிய உள்ளங்கை அளவில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். விலை சுமார் 2 டாலர். உள்ளே மூன்று கண்ணாடிக் குப்பிகள். சந்தேகத்துக்குரிய இலைத்தூளில் ஒரு சிட்டிகையைப் போட்டு, வாயை மூடி, குப்பிகளை வெளியிலிருந்தே வரிசையாக நசுக்கி உடைத்துக் குலுக்க வேண்டும்.

முதல் குப்பியில் வெனிலினும் (ஆமாம், ஐஸ்கிரீமுக்கு மணம் தரும் அதே பொருள்தான்) அசிட்டால்டிஹைடும் கரைந்த ஆல்கஹால். இரண்டாவதில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம். மூன்றாவதில் குளோரோஃபார்ம். அமிலம் கலந்ததும் ஊதா தோன்றி, அந்த ஊதா அடியில் தங்கும் குளோரோஃபார்முக்குள் இறங்கினால் 'கஞ்சா'. 1930-களில் பிரெஞ்சு வேதியியலாளர் டூகெனுவா உருவாக்கிய சோதனை இது. குளோரோஃபார்ம் பிற்பாடு சேர்ந்தது.

ஊதா ஏன் வருகிறது? கஞ்சாவின் போதைப்பொருளான டிஎச்சி ஒரு பீனால், அதாவது கார்பன் வளையத்தில் ஓஎச் தொகுதி ஒட்டிய சேர்மம். அமிலத்தில், முதல் குப்பியிலுள்ள ஆல்டிஹைடு (வெனிலினும் அசிட்டால்டிஹைடும் அந்த வகைதான்) அதன் வளையத்தில் காலியாக உள்ள இடத்தில் போய் ஒட்டும். எலக்ட்ரான்கள் உலவ நீண்ட பாதை கிடைக்கும், நிறம் பிறக்கும். ஆனால் பீனால்கள் எத்தனையோ செடிகளில் உண்டு. அவற்றைக் கழிக்கத்தான் குளோரோஃபார்ம். டிஎச்சியின் ஐந்து கார்பன் வால் எண்ணெய்த்தன்மை உள்ளது. அதனால் அதன் நிறப்பொருள் அமிலத் தண்ணீரை விட்டுக் குளோரோஃபார்மோடு போய்விடும்.

அதே செடியில் உள்ள, போதை தராத சிபிடி மூலக்கூறுக்கும் இதே வால் இருக்கிறது, ஆல்டிஹைடு ஒட்டும் வளையமும் இருக்கிறது. அதுவும் ஊதாதான். 2018-இல் அமெரிக்கக் கூட்டாட்சி விவசாயச் சட்டம், உலர் எடையில் 0.3 சதவீதத்துக்கு மேல் டெல்டா-9 டிஎச்சி (டிஎச்சியின் முக்கிய வடிவம்) இல்லாத கஞ்சாச் செடியை 'ஹெம்ப்' என்று சட்டபூர்வமாக்கியது. கோடு அந்த எண்ணில். பையிலோ எண் எதுவும் தெரியாது. 2019-இல் டெக்சாஸும் ஹெம்ப்பை அனுமதித்ததும், சதவீதத்தை அளந்து சொல்ல ஆய்வகம் இல்லாத அரசு வழக்கறிஞர்கள் நூற்றுக்கணக்கான கஞ்சா வழக்குகளைக் கைவிட்டார்கள்.

இதற்கு மாற்றாக சுவிட்சர்லாந்திலிருந்து 4-அமினோபீனால் சோதனை வந்தது. டிஎச்சி மிஞ்சினால் நீலம், சிபிடி மிஞ்சினால் இளஞ்சிவப்பு. முன்னதைவிட நல்லது. ஆனாலும் அது காட்டுவது இரண்டின் விகிதத்தை. சட்டம் கேட்பது சதவீதத்தை. ஆய்வகத்திலும் கவனம் வேண்டும்: பச்சைச் செடியில் பெரும்பங்கு போதை தராத டிஎச்சிஏ அமிலமாகவே இருக்கும். கலவையை ஆவியாக்கிப் பிரித்து அளக்கும் வாயு குரோமட்டோகிராஃப் கருவியின் சூடான வாயிலில் அது டிஎச்சியாக மாறிவிடும். செடியில் இல்லாத அளவு அறிக்கையில் ஏறும்.

கைப்பிழைகள் தனி. தூள் அதிகமானால் பச்சையம் நிறத்தை மறைக்கும். வெயிலில் கார் டிக்கியில் கிடந்த பையின் ரசாயனம் கெடும். போலீஸ் வண்டியின் சிவப்பு-நீல விளக்கு சுழலும்போது ஊதாவை யார் சரியாகப் பார்ப்பது?

கொக்கைன் சோதனைப்பை இன்னும் மோசம். அதிலுள்ள கோபால்ட் தயோசயனேட், கொக்கைனோடு சேர்ந்தால் நீலமாகும். முகப்பரு மருந்து, வீடு துடைக்கும் திரவம் உட்பட 80-க்கும் மேற்பட்ட பொருள்களோடும் நீலமாகும். உறுதிசெய்யும் ஆய்வக அறிக்கை வர வாரங்கள், மாதங்கள் ஆகும். ஜாமீன் தொகை கட்ட முடியாதவருக்கு, 'குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் வெளியே போகலாம்' என்ற பேரம் முதலிலேயே வந்துவிடும். ஹூஸ்டன் நகரம் அடங்கிய ஹாரிஸ் கவுண்டியில் இப்படி ஒப்புக்கொண்ட 200-க்கும் மேற்பட்டோரின் பொருளில் தடைசெய்யப்பட்ட எதுவும் இல்லை என்று ஆய்வகம் பிறகு சொன்னது. அதற்குள் தண்டனை பதிவாகிவிட்டது.

ஹூஸ்டன் போலீஸ் 2017-இல் இந்தப் பைகளைக் கைவிட்டது. காரணமாகச் சொன்னது தவறான கைதுகளை அல்ல. பொட்டலத்தைப் பிரிக்கும்போது கடும் வீரியமுள்ள ஃபென்டனில் என்ற போதைப்பொருளின் தூள் போலீஸ்காரர் மேல் பட்டுவிடும் என்ற அச்சத்தை.