124-2 என்று எழுதியிருந்தும் ‘நிரப்பவும்’ என்று கேட்கும் படிவம்

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மா விவசாயி கொள்முதலுக்கு இணையப் படிவத்தில் பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பட்டாவைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, கல்லூரியில் படிக்கும் மகள் போனில் தட்டுகிறாள். சர்வே எண் 124/2. கட்டத்தில் சாய்கோடு விழ மாட்டேன் என்கிறது. சரி, சிறுகோடு போடலாம் என்று 124-2 என்று அடிக்கிறாள். பதிவு செய்யும் பொத்தானைத் தொட்டதும் கீழே சிவப்பில் வருகிறது: “சர்வே எண்ணை நிரப்பவும்.”

“நிரப்பித்தானேப்பா இருக்கு!” என்கிறாள் மகள். கண்ணெதிரே கட்டத்தில் எண் இருக்கிறது. ஆனால் புரோகிராமின் பார்வையில் அந்தக் கட்டம் உண்மையிலேயே காலி.

படிவத்தை எழுதியவர், “சர்வே எண்தானே, எண் கட்டமாகவே வைத்துவிடலாம்” என்று அந்தக் கட்டத்தை எண் வகையாக அமைத்திருக்கிறார். எண் வகைக் கட்டத்தில் பல பிரவுசர்கள் சாய்கோட்டை உள்ளேயே விடாது. சிறுகோட்டை மட்டும் விடும், ஏனென்றால் அது கழித்தல் குறியாக இருக்கலாம். கடைசியில் 124-2 என்பதை ஓர் எண்ணாக மாற்ற முடியாமல் போகும்போது, பிரவுசர் அந்தக் கட்டத்தின் மதிப்பாகக் காலிச் சரத்தைத்தான், அதாவது ஓர் எழுத்தும் இல்லாத உரையைத்தான், புரோகிராமிடம் கொடுக்கும். புரோகிராமோ “காலியா, இல்லையா” என்று மட்டும் பார்க்கிறது. காலி என்று பதில் வருகிறது. ‘நிரப்பவும்’ என்று சொல்லிவிடுகிறது.

இதில் வருத்தமான விஷயம், நடந்தது என்ன என்று பிரவுசருக்குத் தெரியும் என்பதுதான். 2014 அக்டோபரில் முழுமையான தரமாக அறிவிக்கப்பட்ட எச்.டி.எம்.எல் 5 (இணையப் பக்கங்களை எழுதும் மொழி) தொடங்கி, ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் ‘வேலிடிட்டி ஸ்டேட்’ என்று ஒரு சிறு பதிவு இருக்கிறது. கட்டம் ஏன் தேறவில்லை என்பதற்கு அதில் இன்று 10 காரணங்கள் உண்டு. காலியாக விட்டது ஒன்று, சொன்ன அமைப்பில் இல்லாதது ஒன்று, அளவுக்கு மேல் போனது ஒன்று, புரிந்துகொள்ளவே முடியாத உள்ளீடு இன்னொன்று. மேலே நடந்தது அந்தக் கடைசி வகை. ‘பேட் இன்புட்’ என்ற கொடி ஏற்கெனவே உயர்ந்து நிற்கிறது. செய்தி எழுதியவர் அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். பிழைச் செய்தியை நம் விருப்பப்படி அமைப்பது என்றால் அழகான வார்த்தை போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை, தேறாததற்கு எந்தக் காரணம் மெஷினுக்குத் தெரியுமோ, அந்தக் காரணத்தை வழியில் தொலைக்காமல் ஆளிடம் கொண்டு சேர்ப்பதுதான் அந்த வேலை.

சர்வே எண்ணுக்கான தீர்வு எளிது: கட்டத்தைச் சாதாரண எழுத்து வகையாக மாற்றி, எண், சாய்கோடு, உட்பிரிவு எழுத்து மூன்றையும் ஏற்க வேண்டும். சிறுகோடு வந்தால் புரோகிராமே சாய்கோடாக மாற்றிக்கொள்ளலாம்.

பிரவுசர் தானாகக் காட்டும் செய்திகளில் இன்னொரு சங்கடம். அவை பக்கத்தின் மொழியைப் பார்ப்பதில்லை, பிரவுசரின் மொழியைப் பார்க்கின்றன. படிவம் முழுக்கத் தமிழில் இருந்தாலும் போன் ஆங்கிலத்தில் இருந்தால் பிழைச் செய்தி ஆங்கிலத்தில்தான் வரும். நம் செய்தியை அங்கே வைக்க, பிரவுசருக்குள் ஓடும் புரோகிராம் மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டில் ‘செட் கஸ்டம் வேலிடிட்டி’ என்ற கட்டளை உண்டு. அதில் ஒரு கண்ணி இருக்கிறது. நம் செய்தியை வைத்த நொடியிலிருந்து, அதை நாமே காலிச் சரம் கொடுத்து அழிக்கும் வரை, அந்தக் கட்டம் தவறு என்றே கணக்கு. ஆள் எண்ணைத் திருத்திய பிறகும் படிவம் நகராது. திருத்தத் தொடங்கியதுமே பழைய செய்தியைத் துடைத்துவிட வேண்டும்.

வங்கி விவரத்துக்கு வருவோம். ஐ.எஃப்.எஸ்.சி குறியீட்டில் 11 இடங்கள். முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள், ஐந்தாவது பூஜ்யம், கடைசி ஆறும் கிளை. முதல் நான்கும் எழுத்தாக வரும் வேகத்தில், ஐந்தாவது இடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ‘ஓ’வை அடித்துவிடுவது மிகச் சுலபம். பாஸ்புக் அச்சில் இரண்டும் ஒரே மாதிரி வேறு தெரியும். இதற்கு “தவறான குறியீடு” என்று செய்தி காட்டினால், அவர் பத்து முறை பாஸ்புக்கோடு ஒப்பிட்டாலும் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். “ஐந்தாவது இடத்தில் எழுத்து இருக்கிறது, அங்கே பூஜ்யம் வர வேண்டும்” என்றால் உடனே திருத்துவார். அதைவிட நல்லது, அந்த இடத்தில் பூஜ்யத்தைத் தவிர எதுவும் வராது என்பதால் ‘ஓ’ வந்தால் புரோகிராமே பூஜ்யமாக்கி, மாற்றியதைத் திரையில் காட்டிவிடுவது. செல்போன் எண்ணுக்கு முன்னால் வரும் +91, நடுவில் வரும் இடைவெளி எல்லாமும் இப்படித்தான். புரோகிராம் தானே துடைக்கக்கூடியதற்கு ஆளைக் குறை சொல்லக் கூடாது.

எல்லாக் காரணமும் மெஷினுக்குத் தெரிந்துவிடாது. ஆதார் எண்ணின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம் ஒரு சோதனை இலக்கம். டச்சுக் கணிதவியலாளர் யாகோபஸ் வெர்ஹூஃப் 1969-இல் வெளியிட்ட முறைப்படி, முன்னால் உள்ள 11 இலக்கங்களிலிருந்து அது கணக்கிடப்படுகிறது. ஓர் இலக்கம் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் இந்தக் கணக்கு தவறாமல் பிடித்துவிடும். ஆனால் எந்த இலக்கம் என்று அதற்குத் தெரியாது. ஆகவே இங்கே “எங்கோ ஓர் இலக்கம் மாறியிருக்கிறது போலிருக்கிறது, அட்டையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்” என்பதே நேர்மையான செய்தி. (மாங்காய் விற்பதற்கு ஆதார் எண் தேவையே இல்லையென்றால் அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள்.)

பெயர்க் கட்டம் நம்மவர்களை அதிகம் படுத்துகிறது. ஆங்கில எழுத்து மட்டும் என்று விதி வைத்தால் தமிழ்ப் பெயர் போகாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைத் திருத்துகிறவர், எந்த மொழி எழுத்தானாலும் சரி என்று, எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் தரமான யூனிகோடின் ‘எழுத்து’ வகையை அனுமதிப்பார். ‘செல்வி’ அப்போதும் தேறாது. ஏனென்றால் யூனிகோடில் ச, ல, வ மூன்றும்தான் எழுத்து வகை. ஒற்றைக்கொம்பு, புள்ளி, இகரக் குறி மூன்றும் ‘குறி’ என்ற வேறு வகை. இரண்டு வகையையும் சேர்த்து அனுமதித்தால்தான் பெயர் உள்ளே போகும். இனிஷியலுக்குப் பின் வரும் புள்ளியையும், இடைவெளியையும் மறக்கக் கூடாது. கடைசிப் பெயர் கட்டாயம் என்ற விதியை இங்கே வைக்கவே வேண்டாம்.

நீளத்திலும் இதே கதை. ‘கிருஷ்ணமூர்த்தி’யை நாம் எண்ணினால் 8 எழுத்து. குறிகளையும் தனித்தனியே எண்ணும் பிரவுசருக்கு 15. அதிகபட்சம் 12 என்று வரம்பு வைத்த கட்டத்தில் அந்தப் பெயரை ஒட்டினால் ‘கிருஷ்ணமூர்த’ என்று வெட்டுப்பட்டு நிற்கும், ஒரு செய்தியும் வராது. தப்பான செய்தியைவிட மோசம் இது. வரம்பைத் தாராளமாக வைக்கலாம், அல்லது ஜாவாஸ்கிரிப்ட்டில் இப்போது இருக்கும் ‘செக்மென்டர்’ (உரையை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் கருவி) கொண்டு நாம் எண்ணுவது போலவே எண்ணலாம்.

செய்தியின் வாசகம் எங்கே இருக்க வேண்டும்? சோதிக்கும் இடத்தில் வேண்டாம். சோதனை, ‘சர்வே எண், அமைப்பு தவறு’ என்ற காரணக் குறியீட்டை மட்டும் திருப்பித் தரட்டும். வாசகங்கள் தனிக் கோப்பில் இருக்கட்டும். ஓசூரிலும் தேன்கனிக்கோட்டையிலும் தெலுங்கு, கன்னடம் பேசும் குடும்பங்கள் ஏராளம். நாளை அந்த மொழிகளில் கோப்பு சேர்த்தால் போதும், சோதனையைத் தொட வேண்டாம். லாராவெல் போன்ற பிரேம்வொர்க்குகள் (இணையதளம் கட்டுவதற்கான ஆயத்தச் சட்டகங்கள்) ஒரே வாக்கியத்தில் கட்டத்தின் பெயரை மட்டும் மாற்றிப் போடும் வசதி தருகின்றன. தமிழில் அதை அப்படியே நம்பினால் “மாவட்டம் ஐ நிரப்பவும்” என்றுதான் திரையில் வரும். வேற்றுமை உருபு சேரும்போது சொல்லே மாறும் மொழி இது. “மாவட்டம் தேவை”, “பெயர் தேவை” என்று உருபு வேண்டாத வாக்கியமாக வைக்கலாம், அல்லது ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியே எழுதலாம். நான் இரண்டாவதையே சொல்வேன்.

இரண்டு கட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும் பிழைகளும் உண்டு. ஊத்தங்கரை வட்டம், தர்மபுரி மாவட்டம் என்று ஒருவர் தேர்ந்தெடுக்கிறார். அவர் கையில் இருக்கும் பழைய பத்திரத்தில் அப்படித்தான் இருக்கும், கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தானே. “வட்டமும் மாவட்டமும் பொருந்தவில்லை” என்று நிறுத்தினால் பத்திரத்தை எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்கு ஓடுவார். “ஊத்தங்கரை இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது, பத்திரம் பழையதானாலும் அதையே தேர்ந்தெடுங்கள்” என்று எழுத ஊர் தெரிந்த ஒருவர்தான் வேண்டும். எந்தப் பிரவுசரும் இதைத் தானாகச் சொல்லாது.

பிரவுசரில் என்ன சோதித்தாலும் சர்வரிலும் அத்தனையையும் மறுபடி சோதித்தாக வேண்டும். பிரவுசர் சோதனையை யாரும் தாண்டிவிட முடியும். காரணத்தை வேண்டுமென்றே மறைக்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு: உள்நுழைவுப் பக்கம். பயனர் பெயர் இல்லை என்றும், பாஸ்வேர்டு தவறு என்றும் பிரித்துச் சொன்னால், யாருக்கெல்லாம் கணக்கு இருக்கிறது என்று வெளியாள் தெரிந்துகொள்வான்.

அப்புறம், செய்தி எழுதினால் மட்டும் போதாது. சிவப்பு ஓரம் நிறக்குருடு உள்ளவருக்குத் தெரியாமல் போகலாம், பார்வையற்றவருக்கோ இல்லவே இல்லை. கட்டத்தை ‘ஏரியா இன்வேலிட்’ (aria-invalid) என்று குறித்து, செய்தியை ‘ஏரியா டிஸ்கிரைப்டு பை’ (aria-describedby) மூலம் கட்டத்தோடு இணைத்தால், திரை வாசிப்பான் கட்டத்துக்கு வரும்போதே காரணத்தையும் படித்துக் காட்டும். எழுதிக்கொண்டிருக்கும்போதே கத்தாமல், கட்டத்தை விட்டு நகர்ந்த பிறகு சொல்வதும் முக்கியம். செல்போன் எண்ணில் மூன்றாவது இலக்கம் அடிக்கும்போதே “10 இலக்கம் வேண்டும்” என்று வந்தால் யாருக்கும் எரிச்சல்தான் வரும்.

படிவம் ஓடத் தொடங்கியதும், எந்தக் காரணக் குறியீடு எத்தனை முறை எழுந்தது என்று எண்ணி வையுங்கள். ஆட்கள் அடித்த விவரத்தைச் சேமிக்க வேண்டாம், குறியீடு மட்டும் போதும். மா சீசனில் சர்வே எண் கட்டத்தில் மட்டும் மளமளவென்று ஏறுகிறது என்றால், செய்தியைத் திரும்ப எழுதுவதற்கு முன், பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு பட்டாவை வாங்கி, அதில் எண் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு விதியைத் திருத்துங்கள்.