நெட் போகிறது என்றால், எங்கே போகிறது?

"தம்பி, நெட் மறுபடியும் போயிடுச்சு."

கடலூர் முதுநகரில் மீன் ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்திலிருந்து போன மழைக்காலத்தில் வாரம் இரண்டு முறையாவது இப்படி ஃபோன் வரும். நான் போய்ச் சேர்வதற்குள் நெட் வந்துவிடும். இணைப்பு கொடுத்தவர்களிடம் புகார் மேல் புகார். அவர்களுடைய ஆள் வந்து பார்த்துவிட்டு, "எங்க பக்கம் சரியா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை மறுக்க எங்கள் கையில் ஆதாரம் எதுவும் இல்லை.

அடுத்த முறை போனபோது பில் போடும் கம்ப்யூட்டரில் பிங் என்ற சோதனை நிரலை மூன்று இடங்களுக்கு ஓடவிட்டேன். ஒன்று அலுவலக ரவுட்டருக்கு, அடுத்தது ரவுட்டரைத் தாண்டி இணைப்பு கொடுத்தவர்கள் பக்கம் வரும் முதல் முகவரிக்கு, மூன்றாவது வெளியே கூகுளின் பொது முகவரியான 8.8.8.8க்கு. விண்டோஸில் சும்மா பிங் கொடுத்தால் நான்கு முறை கேட்டுவிட்டு நின்றுவிடும். கடைசியில் '-t' சேர்த்தால் நாம் நிறுத்தும்வரை ஓடும்.

பிங் செய்வது எளிய வேலைதான். "இருக்கியா?" என்று ஒரு சின்னப் பொட்டலத்தை அனுப்பும். எதிர்முனை "இருக்கேன்" என்று திருப்பி அனுப்பும். போய்வர எத்தனை மில்லிசெகண்ட் ஆனது, எத்தனை திரும்பவே இல்லை என்பதுதான் கணக்கு. மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய நிரல் இது. கடலுக்கடியில் சோனார் எழுப்பும் ஒலியை வைத்துப் பெயரிட்டார்.

மாலை நான்கு மணிக்கு மேல் மூன்றுமே ஒரே நேரத்தில் விட்டுப் போயின. பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் ரவுட்டரே பதில் சொல்லவில்லை என்றால், வெளியே யாரையும் குறை சொல்ல முடியாது. கேபிளைப் பிடித்துக்கொண்டே போனேன். வெளிச்சுவரில், ஜன்னலுக்கு மேலே, இரண்டு கேபிள்களை இணைத்த ஒரு கப்ளர். கழற்றிப் பார்த்தால் உள்ளே பின்களில் பச்சையாகக் களிம்பு. துறைமுகத்து உப்புக் காற்றும் மழையும் சேர்ந்து செய்த வேலை. ஒட்டுப் போடாமல் ஒரே கேபிளாகப் பைப்புக்குள் இழுத்தோம். அடுத்த மூன்று நாள் ஒரு பொட்டலம்கூட விட்டுப் போகவில்லை.

இதில் ஏமாறும் இடங்களும் உண்டு. விண்டோஸில் "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்று வந்தால் அந்த வரியின் தொடக்கத்தைப் பாருங்கள். பல நேரம் அங்கே இருப்பது உங்கள் கம்ப்யூட்டரின் சொந்த முகவரிதான். அதையும் பதில் வந்ததாக எண்ணிக்கொண்டு, கடைசியில் இழப்பு 0% என்று காட்டும். அந்த எண்ணை மட்டும் நம்பிய ஒருவர் ரவுட்டர் நன்றாக இருக்கிறது என்று என்னிடம் சாதித்தார்.

அதேபோல, பிங்குக்குப் பதில் தராத எல்லாமே செத்துப்போனவை அல்ல. ஃபயர்வால் என்ற பாதுகாப்பு வடிகட்டி தடுத்திருக்கலாம். பதில் வருவதாலேயே எல்லாம் சரி என்றும் இல்லை. 8.8.8.8 பதில் தருகிறது, வலைத்தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் முதலில் டிஎன்எஸ்ஸை, அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவையை, பார்க்க வேண்டும்.

நெட் போன பிறகு பிங் போடுவதில் பாதிப் பயன்தான். எப்போதும் ஓடி, நேரத்தோடு பதிவாக வேண்டும். ஒரு பழைய லேப்டாப்பில் அப்டைம் குமா என்ற இலவசச் செயலியை நிறுவி, நிமிடத்துக்கு ஒருமுறை இந்த மூன்று முகவரிகளையும் கேட்கச் சொன்னால் போதும். டெலிகிராமில் தகவலும் அனுப்பும். ஆனால் நெட்டே போய்விட்டால் அந்தத் தகவல் எந்த வழியாக வெளியே வரும்? பலர் இதை யோசிப்பதில்லை. அந்த லேப்டாப்புக்கு வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றையும் போட்டுக் கொடுங்கள்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. நான் பார்த்துக்கொள்ளும் புதுச்சேரி அலுவலகம் ஒன்றின் பதிவைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். ரவுட்டரிடமிருந்து வெகுநேரம் பதில் வந்திருக்கிறது. வெளியே இருந்த இரண்டும் கரண்ட் போன நிமிடமே நின்றுவிட்டன. ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் யுபிஎஸ் இருந்தது. வெளியிலிருந்து நெட்டைக் கொண்டுவரும் ஃபைபர் மோடம் மட்டும் யுபிஎஸ் இல்லாமல் பக்கத்துச் சுவர் பிளக்கில்.