மே மாதம் தண்ணீர் ஊற்றப்போவது யார்?

தோட்டக்கலைப் பணிக்காக வேலூர் வட்டாரப் பள்ளிகள் பலவற்றுக்குப் போய் வருகிறேன். தோட்டம் போட வேண்டும் என்று ஆசையோடு வரும் தலைமை ஆசிரியரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "மே மாதம் தண்ணீர் ஊற்றப்போவது யார்?" என்பதுதான்.

பட்டுத் தெரிந்துகொண்டது இது. அணைக்கட்டுப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் தை மாதம் பாத்தி கட்டினோம். பங்குனியில் தக்காளியும் வெண்டையும் காய்த்துக் குலுங்கின. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். அக்னி நட்சத்திரம் வந்தது. ஜூனில் போனபோது வேலிக் குச்சிகூட மிஞ்சவில்லை, ஆட்டுப் புழுக்கைதான் கிடந்தது. "நம் செடி எங்கே சார்?" என்று கேட்ட பையனுக்கு என்னிடம் பதில் இல்லை.

அன்றிலிருந்து ஆடிப்பட்டத்தில்தான் தொடங்குகிறேன். ஆடி, ஆவணி மழையும் ஐப்பசி மழையும் பள்ளி நடக்கும் மாதங்களிலேயே வந்துவிடுகின்றன. கோடையைத் தாங்க வேலி ஓரமாக முருங்கையும் கறிவேப்பிலையும் நடுகிறோம். வேர் பிடித்த முருங்கை ஒரு மாத வறட்சிக்கு அசையாது.

அடுத்து, சத்துணவுச் சமையலர். ஓர் அம்மா என்னிடம் நேராகவே கேட்டார்: "ஒரு பிடி கீரையை வைத்துக்கொண்டு 90 பிள்ளைகளுக்கு நான் என்ன செய்வது?" நியாயமான கேள்வி. தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் காய்கறி என்பது மதிய உணவுத் திட்டத்தின் அளவு. 90 பேருக்கு நாலரைக் கிலோ. நன்றாக வந்த முளைக்கீரை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கொடுக்கும். ஆகவே தலா ஐந்து சதுர மீட்டரில் நான்கு பாத்தி, வாரம் ஒன்றாக விதைப்பு. 25 நாள், ஒரு மாதத்தில் முதல் பாத்தி அறுவடைக்கு வரும். பிறகு வாரம் ஒரு நாள் கீரைச் சாம்பார் உறுதி. இந்தக் கணக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே கயிறு பிடித்து அளந்து போட்டார்கள். பரப்பளவும் சுற்றளவும் வேறு வேறு என்பது அன்று யாருக்கும் குழம்பவில்லை.

அறிவியல் பாடம் தானாகவே வந்தது. கீரை விதையை மணலில் கலந்து தூவிய மறுநாள், ஒரு சிறுமி பாத்தி ஓரத்தில் குனிந்தபடியே நகராமல் நின்றாள். எறும்புகள் கறுப்பு விதைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. "பாட்டி நொய் தூவுவாங்க சார்" என்றாள். பாத்தியைச் சுற்றி அரிசி நொய் போட்டோம். எறும்புகள் அதை இழுக்கத் தொடங்கின, விதை தப்பியது.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு போன்ற தோல் தொழில் நடக்கும் ஊர்களில் மண்ணையும் கிணற்று நீரையும் சோதிக்காமல் கீரை விதைக்காதீர்கள். தோல் பதனிடுவதிலிருந்து மண்ணில் சேரும் குரோமியம் என்ற உலோகம் வழக்கமான மண்வள அட்டையில் வராது. அதைத் தனியாகக் கேட்டுச் சோதிக்க வேண்டும். உப்பு, கார அமிலத் தன்மை பற்றிய ஆலோசனைக்கு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். தட்டு கழுவும் நீரை வாழைக்கும் பப்பாளிக்கும் திருப்புங்கள், கீரைக்கு வேண்டாம்.

மே மாதத்துக்கு இப்போது ஓர் ஏற்பாடு இருக்கிறது. பள்ளியை ஒட்டி வசிக்கும் மகளிர் குழுப் பெண்கள் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். விடுமுறையில் காய்ப்பது எல்லாம் அவர்கள் வீட்டுக்கு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மார்ச் மாதமே இதை எழுதி வைத்துவிடுகிறோம்.

அந்தப் பெண்களில் ஒருவர்தான் இலவம்பாடி முள்ளுக் கத்தரி விதையைத் துணியில் முடிந்து கொண்டுவந்தார். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளுக் கத்தரி அது. முள் குத்தும் என்று பிள்ளைகள் காம்பைத் தொடாமல் பறிக்கப் பழகிக்கொண்டார்கள். ஒரு செடியில் மட்டும் இரண்டு காய்களில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறார்கள், சமையலர் அம்மா பறித்துவிடக் கூடாதென்று. அவை மஞ்சளாகப் பழுத்ததும் அடுத்த ஆடிக்கு விதை எடுக்க வேண்டும்.