லைக்கும் இல்லை, ஷேரும் இல்லை, ஆனாலும்…

ஆலோசனைக்கு வரும் இளைஞர்களிடம் சமூக ஊடகத்தில் வரும் பொய்த் தகவல்கள் பற்றிப் பேச்செடுத்தால், பலரும் சொல்வது: “நான் எதையும் ஷேர் பண்றதே இல்லை.” சரி, உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் ஷேர் செய்யாததால் அந்தத் தகவல் நம்மை ஒன்றும் செய்யவில்லை என்று ஆகிவிடாது.

கோபம், பதற்றம், வியப்பு மூன்றும் விரலைச் சும்மா இருக்க விடாதவை. நியூயார்க் டைம்ஸ் கட்டுரைகளில் எவை அதிகம் அனுப்பப்பட்டன என்று ஜோனா பெர்கரும் கேத்ரின் மில்க்மனும் ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைக் கிளப்பியவை நிறைய பேருக்குப் போயின. சோகமானவை குறைவாகவே போயின. 2018-இல் சயன்ஸ் இதழில் வந்த ட்விட்டர் ஆய்விலும், உண்மையைவிடப் பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகமாக இருந்தது.

சோகம் அவ்வளவாகப் பரவுவதில்லை. ஆனால் ஆளை உட்கார வைத்துவிடும். எனக்குக் கவலை தருவது அதுதான்.

நேர்காணலில் தேறாத ஓர் இளைஞர் தான் பார்த்த வீடியோக்களின் பட்டியலைக் காட்டினார். ஆட்குறைப்பு, ‘இந்தப் படிப்புக்கு இனி வேலையே கிடையாது’, முப்பது வயதுக்குள் செட்டிலாகாதவர்களின் கதி. ஒன்றுக்கும் லைக் போடவில்லை. எல்லாவற்றையும் கடைசிவரை பார்த்திருக்கிறார். எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பதும் இந்தத் தளங்களுக்கு ஒரு கணக்கு; அதனால் அதே சரக்கு மேலும் மேலும் வந்திருக்கிறது. “வேலையே கிடையாதுன்னு யார் சொன்னது?” என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “எல்லாரும்தான் சொல்றாங்க” என்றார்.

இவருக்குத் தகவலைச் சரிபார்க்கத் தெரியாதா? என்னைவிட நன்றாகவே தெரியும். ஆனால் மனசு ஏற்கெனவே ‘ஆமாம்’ என்று தலையாட்டிவிட்ட விஷயத்தைச் சரிபார்க்க யாருக்கும் தோன்றாது. அதனால் நான் தகவலை விட்டுவிட்டு, போனை எடுப்பதற்கு முன் என்ன மனநிலையில் இருந்தீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். தோல்வி, தனிமை, தூக்கமின்மை என்று ஏதாவது ஒன்று வரும். அந்த நேரத்தில் பார்த்ததை வைத்து எந்த முடிவும் எடுக்காமல், மறுநாள் பகலில் திரும்பப் பார்க்கச் சொல்வேன்.

போனைத் தூக்கிப் போடு என்று நான் சொல்வதில்லை; வேலை அறிவிப்பும் அதில்தானே வருகிறது. இந்த இளைஞரைப் பார்வை வரலாற்றை அழிக்கச் சொன்னேன். அதே மாதிரி வீடியோ மறுபடி வந்தால் ‘ஆர்வமில்லை’ என்பதை அழுத்தச் சொன்னேன். அப்புறம், அவர் துறையில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு பேரிடமாவது நேரில் விசாரித்துவிட்டு அடுத்த முறை வரச் சொல்லியிருக்கிறேன்.