அந்த ரப்பர் கை யாருடையது?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பிளஸ் ஒன் படிக்கும் என் தம்பி, வீட்டுக்கு ஆள் வந்தால் உள்ளறைக்குள் போய்விடுவான். ஆன்லைன் விளையாட்டில் மட்டும் ஆஜானுபாகுவான வீரனாக நின்று எல்லோரையும் அதட்டுகிறான். உருவம் மாறினால் குணமும் மாறுமா சார்?"

ஓரளவு மாறும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் இருவரும் கணினி காட்டும் மெய்நிகர் உலகில் சிலருக்கு உயரமான அவதாரமும் சிலருக்குக் குட்டையான அவதாரமும் கொடுத்து, பணத்தைப் பங்கு பிரிக்கச் சொன்னார்கள். உயரம் கிடைத்தவர்கள் தங்களுக்குக் கூடுதலாகக் கேட்டார்கள். குட்டை உருவம் பெற்றவர்கள் குறைந்த பங்குக்கும் தலையாட்டினார்கள். 2007இல் வெளியான ஆய்வு இது. உருமாறும் கிரேக்கக் கடவுளின் பெயரால் இதைப் புரோட்டியஸ் விளைவு என்கிறார்கள். குலசை தசராவில் காளி வேடம் கட்டியவரின் நடையைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

சரி, திரையில் ஓடும் பொம்மையை 'நான்' என்று மூளை எதை வைத்து ஒப்புக்கொள்கிறது? எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

1998இல் போட்வினிக், கோஹன் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உங்கள் இடக்கையை மேசைமேல் வைத்துத் தடுப்பால் மறைத்துவிடுவார்கள். கண்ணெதிரே ஒரு ரப்பர் கை. மறைந்த கையை ஒரு தூரிகையும் ரப்பர் கையை இன்னொரு தூரிகையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வருடும். கொஞ்ச நேரத்தில் அந்த வருடல் ரப்பர் கையில்தான் உறைக்கும்! கண்ணை மூடிக்கொண்டு இடக்கை இருக்கும் இடத்தைக் காட்டச் சொன்னால், ரப்பர் கையின் பக்கமாகத் தள்ளிக் காட்டுவீர்கள். தோல் உணர்வதும் கண் பார்ப்பதும் சேர்ந்தே வருவதால், இரண்டும் ஒரே கையிலிருந்துதான் வருகின்றன என்று மூளை கணக்குப் போட்டுவிடுகிறது. ஒரு தூரிகையை அரை விநாடி பிந்தவிட்டால் போதும், மயக்கம் வலுவிழந்துவிடும்.

விளையாட்டில் தூரிகைக்குப் பதில் கட்டைவிரல். தம்பி அழுத்திய கணமே வீரன் பாய்கிறான். நெட் இழுத்து 'லேக்' அடித்தால், தன் உடம்பே சொன்னபடி கேட்காததுபோல அவன் தவிப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

ரப்பர் கைச் சோதனைக்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். ஆராய்ச்சிக்கான பணமெல்லாம் ராக்கெட்டுக்கும் அணுவுக்கும்தான் என்று நாம் பழகிவிட்டோம். நம் மனம் வேலை செய்யும் விதத்தை ஆராயவும் அதில் ஒரு பங்கு வர வேண்டும் என்பது என் கட்சி. நெல்லை கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு இதை ஒரு மேசையில் வைத்துக் காட்டலாம்.

அதுவரை வீட்டிலேயே தம்பியை உட்காரவைத்துச் செய்து பாருங்கள். ரப்பர் கையுறையில் பஞ்சு அடைத்துக்கொள்ளுங்கள். அது அவன் கை இருக்கும் திசையிலேயே நீட்டியிருக்க வேண்டும். திருப்பி வைத்தால் மூளை ஏமாறாது.