பொருள்கோடல்

இன்டர்பிரடேஷன் என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர், இலத்தீனில் ‘இன்டர்பிரெஸ்’. இரு தரப்புக்கு நடுவே நின்று பேசும் தரகர், மொழிபெயர்ப்பவர் என்று பொருள். தமிழில் வியாக்கியானம், விளக்கம், பொருள்கோடல் என மூன்று சொற்கள் இதற்குப் புழங்குகின்றன. விஞ்ஞான மெய்யியலுக்கு மூன்றாவதே பொருந்தும்.

கோடல் என்பது ‘கொள்’ என்ற வினையின் தொழிற்பெயர். நன்னூலில் மாணவன் பாடங்கேட்கும் முறைக்குக் ‘கோடன் மரபு’ என்றே பெயர். செய்யுளின் சொற்களைக் கூட்டிப் பொருள் காண எட்டுப் பொருள்கோள்களும் அங்கு உண்டு. இலங்கைச் சட்டங்களின் தமிழ்ப் பிரதிகளிலும் ‘பொருள்கோடல்’ என்ற பிரிவு வரும்.

இலங்கையில் க.பொ.த. உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞான முறையும் படிப்போர் இதை விளக்கத்தோடு குழப்பக்கூடாது. ஒரு நிகழ்வு ஏன் நடந்தது என்பதற்கு விடை விளக்கம். மெய்யியலாளர்களான ஹெம்பலும் ஒப்பன்ஹைமும் 1948இல் ஆராய்ந்தது அதைத்தான். கண்டது எதைக் குறிக்கிறது என்று கொள்வது பொருள்கோடல்.

மட்டக்களப்பு வாவி நீரின் உப்பளவை, நீருக்குள் ஒளி எவ்வளவு முறிகிறது என்று காட்டும் ஒளிமுறிவுமானியில் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். கண்ணாடியில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, மூடியைச் சாத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரிவது நீலமும் வெள்ளையும் சந்திக்கும் ஒரு கோடு மட்டுமே. அது 25இல் நின்றால் ‘கிலோவுக்கு 25 கிராம் உப்பு’ என்கிறோம். உப்பு கூடினால் ஒளிமுறிவும் கூடும் என்ற கோட்பாடு, கரைந்திருப்பது கடலுப்பே என்ற எடுகோள், காய்ச்சி வடித்த நீரில் கருவி பூச்சியம் காட்டியது என்ற நம்பிக்கை, எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கின்றன. சீனி கரைந்திருந்தாலும் கோடு ஏறும். கருவி அதையும் உப்புக் கணக்கில்தான் காட்டும். வாசிப்பு பிழைத்தால், எந்த எடுகோள் பிழைத்தது என்பதைக் கோடு சொல்லாது.

பிரெஞ்சுப் பௌதிகவியலாளர் பியேர் துயெம் 1906இல் வலியுறுத்தியது இதையே: பௌதிகப் பரிசோதனை வெறும் அவதானம் அன்று, கோட்பாட்டுவழிப் பொருள்கோடலும் சேர்ந்தது. மெய்யியலாளர் ஹான்சன் 1958இல் இன்னும் ஆழமாகப் போனார். சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்று கொண்ட வானியலாளர் டைக்கோ பிராகேயும், பூமியே சூரியனைச் சுற்றுகிறது என்று கொண்ட கெப்லரும் விடியலில் ஒரே சூரியனைப் பார்க்கையில் ஒன்றையே காண்கிறார்களா என்று கேட்டார். பார்த்து முடித்தபின் பொருள்கொள்கிறோம் என்ற எண்ணமே அங்கு ஆட்டம் காண்கிறது.

கோட்பாட்டுக்கே பொருள்கொள்வது இன்னொரு வகை. அணு அளவிலான நுண்துகள்களை விவரிக்கும் குவாண்டம் பொறிமுறைக்கு, பௌதிகவியலாளர்கள் போம் 1952இலும் எவரெட் 1957இலும் வெவ்வேறு பொருள்கோடல்களைத் தந்தனர். வழக்கமான பரிசோதனைகளில் இரண்டும் ஒரே எதிர்வுகூறல்களையே தருவதால், அளந்து பார்த்து ஒன்றைத் தெரிவுசெய்ய முடிவதில்லை.

வினையாக ‘பொருள்கொண்டார்’, ‘பொருள்கொள்ளலாம்’ என்று எழுதுக. ‘பொருள்கோடுதல்’ பிழை, கோடுதல் என்றால் வளைதல்.